மேடைக்கு அடியில்

உள்ளங்கைக்குள் அது புரண்டது, செத்தது என்று நினைத்துத்தான் கையை நீட்டியிருந்தேன், புளியங்கொட்டை நிறம், சுண்டுவிரல் நீளம், ஒரு முனை கூர்ந்து, அடிப்பக்கம் வளையம் வளையமாக மடிப்பு, அந்த மடிப்புகள் சட்டென்று ஒரு பக்கமாகத் திருகி மறுபடி நேராகின, பூட்டுக்குள் சாவி திரும்புகிற மாதிரி, அந்தத் திருகல் தோல் வழியாக முழங்கை வரை ஏறியது, கீழ போட்றாதிய என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர், என்னைப் பெண் பார்க்க வந்தவர், பெயர் ஆறுமுகநயினார், கல்லூரியில் விலங்கியல் வாத்தியார், கேசரியும் பஜ்ஜியும் ஆறிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார், சிகரெட் பிடிக்கிற பையனாக்கும் என்று அப்பா முகம் சுளிக்க, மோதிரமாக இருக்கும் என்று பெரியம்மா எட்டிப் பார்க்க, அதற்குள்ளிருந்து இதை எடுத்து என் கையில் வைத்தார், பெரியம்மா ஐயே என்று உள்ளே போய்விட்டாள், நான் சட்டம் முடித்துக் கோர்ட்டுக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற குரலில் கேட்டேன், என்ன சார் இது, கூட்டுப்புழு, எதோட கூட்டுப்புழு, கண்ணாடிப் பருந்து, பருந்து முட்டையில்லா போடும், இது பருந்து இல்லங்க, அந்துப்பூச்சி, பருந்து அந்துன்னு ஒரு சாதி, பறக்கிற வேகத்துக்காக அந்தப் பேரு, மத்ததெல்லாம் ராத்திரி பறக்கும், இது பகல்ல பறக்கும், பகல்னாலும் சோலைக்காட்டு நிழலைத் தாண்டி வெளிய வராது, வெயில் பட்டா திரும்பிரும். பக்கத்தில் அவர் தம்பி சங்கரலிங்கம், அன்றைக்குப் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தவன், எங்கள் வீட்டுப் பஜ்ஜியில் பாதியை ஒருவனாக முடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி சொன்னான், மைனி, இப்பவே யோசிச்சுக்கிடுங்க, எங்க அண்ணன் தாலிய அந்தப் பூச்சிக்குத்தான் கெட்டுவான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கையில் இருந்தது இன்னொரு முறை திருகியது, நான் கீழே போடவில்லை, போட்டிருக்கலாம், அங்கேயே போட்டு ஒரு மிதி மிதித்திருக்கலாம், இன்றைக்கு மடியில் கடப்பாரையை வைத்துக்கொண்டு ஜீப்பில் மலையேற வேண்டி வந்திருக்காது.

மேடம், அது எதுக்கு மேடம் என்று டிரைவர் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கேட்டுவிட்டான், திறப்பு விழாவுக்கு என்றேன், ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல்லா கொண்டு போவாக என்றான், எனக்கு இதுதான் தோதுப்படும் என்றேன், அதற்குப் பிறகு அவன் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை. பின் சீட்டில் மாலை, இன்று அவருக்குத் தலைத் திவசம், வருஷம் ஓடிவிட்டது, வீட்டில் ஐயர் வந்து எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுப் போனபோதும் என் கண் செல்போனில்தான் இருந்தது, நேற்றுச் சாயங்காலம் சங்கரலிங்கம் அனுப்பிய வீடியோ, மைனி சர்ப்ரைஸ் என்று எழுதிக் கும்பிடுகிற கை இரண்டு போட்டிருந்தான், முதலில் எனக்குப் புரியவில்லை, ஏதோ கோயில் என்று நினைத்தேன், கறுப்பு கிரானைட் பளபளக்கிறது, சுற்றி எவர்சில்வர் கம்பி வேலி, நடுவில் ஒரு மரம், கழுத்துவரை புதைத்த மனிதனைப் போல, பிறகுதான் அந்தப் பட்டையை அடையாளம் கண்டேன், அவருடைய மஞ்சக்கடம்பு, உடையாம்பாறையில் கைவிட்ட காப்பித் தோட்டம் முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடத்தில் நிற்கிற மரம், அவர் செத்து விழுந்த மரம், அடிமரத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் கிளை நிழல் விழுமோ அவ்வளவு தூரமும் சிமெண்ட் போட்டு மூடியிருந்தார்கள், பலகையில் அவர் படம், படத்துக்கு மேல் அந்தப் பூச்சியின் படம், அன்னார் நேசித்த உயிர் என்று பொன்னெழுத்து. அன்னார் நேசித்த உயிருக்குச் சமாதி கட்டி, அதன் மேல் அதன் படத்தையே மாட்டியிருக்கிறான்கள்.

போனை எடுத்தேன், லிங்கம், எப்ப சிமெண்ட் போட்ட, சித்திரையில மைனி, நல்லா தண்ணி விட்டு ஆறப்போட்டாச்சு, யானை மிதிச்சாலும் அசையாது, எவன் சொல்லிப் போட்ட, எவன் சொல்லணும், எங்க அண்ணனுக்கு நான் செய்யாம யாரு செய்வா, டைல்ஸ் கம்பி எல்லாம் நம்ம கடைச் சரக்கு, அண்ணன்ட்ட படிச்ச ஜெபசிங்குதான் கூடவே நின்னு பாத்துக்கிட்டான், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, சர்ப்ரைஸ்னு போட்டிருக்கேன்லா மைனி. நான் கட் பண்ணிவிட்டேன், போனை அல்ல, வாயில் வந்த வார்த்தையை. நம்ம ஊர்க்காரனுக்கு ஒரு மரத்தைப் பிடித்துப்போனால் போதும், உடனே அதற்கு மேடை கட்டியாக வேண்டும், அரசோ வேம்போ பஸ் ஸ்டாண்டுப் புங்கமோ, கழுத்தை நெரிக்கிற மாதிரி சுற்றிக் கட்டி, டைல்ஸ் பதித்து, உபயம் என்று பேர் போட்டால்தான் அன்பு முழுமையாகும், எங்கள் கோர்ட் வாசலில் ஒரு வாகை நின்றது, வக்கீல்கள் உட்கார்ந்து டிபன் சாப்பிடட்டும் என்று அதற்கும் கட்டினார்கள், மரம் பட்டுப்போயிற்று, மேடை இருக்கிறது, இப்போதும் அதில் உட்கார்ந்து வெயிலில் வேர்த்துக்கொண்டு அடடா நல்ல நிழலா இருந்துச்சே என்கிறோம்.

மரம் போகட்டும், மரம் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், எனக்குப் பதைப்பு மண்ணுக்குள் கிடப்பதைப் பற்றி. கல்யாணமான புதிதில் எங்கள் குளியலறையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது, பாதி வாளிக்கு மண், மேலே சருகு, குளிக்க வைத்த தண்ணீர் என்று நினைத்து மூடியைத் திறந்து கையை விட்டேன், அலறினேன், அவர் ஈரத் துண்டோடு ஓடிவந்து கையைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தார், பயப்படாத ஏட்டி, அது தூங்குது, புழு மரத்துல இருந்து இறங்கி மண்ணுக்குள்ள போயிரும், கூடு கட்டி மார்கழியில போனா ஆனி வரைக்கும் அப்படியே கெடக்கும், சாரலுக்குக் காத்துக்கிட்டு, முதல் சாரல் மண்ணை நனைச்சதும் நெளிஞ்சு நெளிஞ்சு மேல வரும், அதுக்குப் பிறகுதான் கூடு வெடிக்கும். ஆனியில் ஒரு காலை குற்றாலத்துப் பக்கமிருந்து காற்று குளிர்ந்து வந்து ஓட்டில் தூற்றல் விழுந்தபோது வாளியின் மூடியை உள்ளேயிருந்து எதுவோ தட்டியது, டொக் டொக் என்று மிக மெல்ல, நான்தான் முதலில் கேட்டேன், நான்தான் மூடியைத் திறந்தேன், வெளியே வந்தது அழகாகவே இல்லை, நனைந்த கோழிக்குஞ்சு போல, சிறகு முழுக்கச் சாம்பல் பூசியது போல, இதுக்காய்யா இந்தப் பாடு என்றேன், பொறு என்றார், ஜன்னலில் ஏறியது, சிறகு விரிந்து காய்ந்தது, பிறகு ஒரு உதறு உதறியது பாருங்கள், சாம்பலெல்லாம் புகையாகப் பறந்து போயிற்று, சிறகு இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி, அதற்குள் ஜன்னல் கம்பி தெரிந்தது, கம்பிக்கு அப்பால் மழை தெரிந்தது, நின்ற இடத்தில் நின்றபடி காற்றில் தொங்கியது, போயிற்று. அவர் அழுதுகொண்டிருந்தார், பூச்சிக்காக அழுகிற ஆம்பிளையைக் கட்டியிருக்கிறேனே என்று எனக்கு எரிச்சல், அந்த எரிச்சல்தான் என் கல்யாணம், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அந்தப் பூச்சி மஞ்சக்கடம்பைத் தவிர வேறு எதிலும் முட்டையிடாது, அதுவும் சோலை நிழலில் நிற்கிற மரமாக இருக்க வேண்டும், உடையாம்பாறையில் அப்படி நின்றவற்றில் ஒன்றைக் காப்பிக்காக வெட்டினார்கள், ஓடைக்கரையில் நின்றது பெருமழையில் வேரோடு போயிற்று, மிச்சம் இது ஒன்று, வேறு எங்கேயாவது இருக்கும் ஏட்டி, மலை சின்னதா என்ன என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விடுமுறையிலும் தேடப் போனார், கண்டுபிடிக்கவில்லை. ஆக அந்த இனத்தின் அத்தனை உயிரும், எங்களுக்குத் தெரிந்தவரை, இந்த ஒரு மரத்தடி மண்ணில் சாரலுக்காகக் காத்துக் கிடக்கிறது, அதன் மேல் என் கொழுந்தனின் ஒரிஜினல் கிரானைட். ஜீப் குலுங்குகிறது, கண் அயர்ந்தேன் போல, குளியலறை வாளி பெரிதாகிக் கிணறு போலாகிவிட்டது, மூடி கறுப்புக் கல், உள்ளேயிருந்து டொக் டொக், யாரது, நான்தான் ஏட்டி, தொற, சாவி எங்க வச்சிய, உன் கையிலதான் குடுத்தேன், பார்க்கிறேன், கையில் ஒன்றுமில்லை, மேடம், மேடம், மழை விழுது, கண்ணாடியை ஏத்தட்டா என்கிறான் டிரைவர். சாரல். முன் கண்ணாடியில் பொடிப் பொடியாக, வெளுத்த வெயிலோடு சேர்ந்து இறங்குகிறது, ஊரெல்லாம் சாரல் வந்தால் சந்தோஷப்படும், நான் கடப்பாரையை இறுகப் பிடித்தேன், இந்நேரம் மேலே வரத் தொடங்கியிருக்கும், முட்டும். ஈரம் மேடைக்கு நடுவே இறங்காவிட்டாலும் ஓரமாகக் கசியும், அந்த வாசனை போதும் அதற்கு, சீக்கிரம் போப்பா என்றேன், இந்த ரோட்டுல இதுதான் மேடம் சீக்கிரம்.

அன்றைக்கும் சாரல்தான் கூப்பிட்டது அவரை. காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றார், என்ன, கேஸ் டிரபிள், ஓமவாட்டர் குடிச்சா சரியாப்போகும், முகம் ஏன் வேர்க்குது, புழுக்கம், சாரல் விழுது, என்ன புழுக்கம், ஆஸ்பத்திரிக்கு வாங்க, உனக்கு ஜாமீன் மனு இருக்குல்லா, நீ போ, நான் ஜெபசிங்க கூட்டிட்டு மேல போய்ட்டு, அது வெளிய வாறத ஒரு கண்ணு பாத்துட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன், சத்தியமா. எவனோ ஒரு திருடனுக்கு ஜாமீன் வாங்கிவிட்டு வெளியே வரும்போது ஜெபசிங்கின் போன், அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவன், இன்று அவர் வேலையிலேயே உட்கார்ந்திருப்பவன், அக்கா அக்கா என்பதைத் தவிர அவனுக்கு வேறு சொல் வரவில்லை, மஞ்சக்கடம்படியில் குனிந்தவர் நிமிரவில்லை, மலைப்பாதை முழுக்க அவன்தான் தோளில் சுமந்து இறக்கினான். கடைசியா என்னலே சொன்னாரு என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன், தயங்கினான், காலைப் பாத்து வையிலே, மிதிச்சிராதன்னாருக்கா. அவ்வளவுதான். என் பேர் இல்லை, தண்ணீர் என்றுகூட இல்லை, காலைப் பார்த்து வை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டாம், ஆனால் கடைசி வார்த்தையாக அதைச் சொல்லிவிட்டுப் போனவரின் காலடி மண்ணில், அதைக் காதால் கேட்டவனே கூடநின்று ஜல்லியும் சிமெண்டும் கொட்டியிருக்கிறான் என்றால், எந்தக் கோர்ட்டில் போய் நான் வழக்காடுவது.

ரோடு முடிந்த இடத்தில் ஜீப்பை விட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போனேன், சாமியானா கட்டியிருந்தார்கள், மைக் செட், லட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள், மலைக்கு மேல் இவ்வளவையும் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள், அதற்கு ஆள் இருந்திருக்கிறது, மண்ணைப் பற்றி நினைக்கத்தான் ஒரு ஆள் இல்லை. நான் கடப்பாரையைத் துண்டில் சுற்றி மாலைக்குள் மறைத்து வைத்திருந்தேன், யாரும் கவனிக்கவில்லை, வாங்க மைனி என்று சங்கரலிங்கம் ஓடிவந்தான், வெள்ளை வேட்டி, கண் கலங்கி, மைக்கில் ஒருவர் அன்னாரின் துணைவியார் என்று தொடங்கும்போதே பொன்னாடையை என் தோளில் போர்த்திவிட்டான், கனத்தது, வருஷம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள், போர்த்துகிறார்கள். லிங்கம், மைக்கை நிறுத்தச் சொல்லு, இந்த மேடைய உடைக்கணும், இப்பவே. சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான், மைனி, எல்லாரும் பாக்காவ, பாக்கட்டும், இதுக்குக் கீழ அதெல்லாம் உயிரோட கெடக்கு, எதெல்லாம், அவரு எதைப் பாக்க இங்க வந்து செத்தாரோ அது. அவன் ஜெபசிங்கைப் பார்த்தான், நானும் பார்த்தேன், ஜெபசிங் பார்க்க இடமில்லாமல் மரத்தைப் பார்த்தான், முகம் சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டே வந்தது, ஏலே, நீ இத கிளாஸ்ல பாடம் எடுக்கியா இல்லையா, எடுக்கேங்க்கா, என்னன்னு எடுக்க, மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவா இருக்கும்னு, அப்புறம், தெரியுங்க்கா, எல்லாம் தெரியும், ஆனா இந்த இடத்துக்கு வந்து நின்னா சார் விழுந்து கெடந்ததுதாங்க்கா தெரிஞ்சுது, மண்ணு தெரியல. செருப்பைக் கழற்றி அடித்திருப்பேன், அவன் சொன்ன விதத்தில் கை எழவில்லை, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

பொன்னாடையை உதறினேன், கீழே சேற்றில் விழுந்தது, மாலையைப் பிரித்துக் கடப்பாரையை எடுத்தேன், நாற்காலிகள் நகர்கிற சத்தம், பாவம், புத்தி பேதலிச்சிட்டு என்று ஒரு குரல், அவளுக்கு எப்பவுமே அப்படித்தான் என்று இன்னொரு குரல், ஓங்கிப் போட்டேன், கடப்பாரை துள்ளித் திரும்பி வந்தது, கல்லில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான், மறுபடி, மறுபடி, உள்ளங்கை எரிகிறது, இரண்டாவது கொத்தில் என் கல்யாணத்தையே கொத்துகிறேன், ஒரு கொத்து ஓமவாட்டருக்கு, அடுத்தது அந்த ஜாமீன் மனுவுக்கு, சங்கரலிங்கம் பாய்ந்து கடப்பாரையைப் பிடித்தான், மைனி விடுங்க, எங்க அண்ணன் விழுந்த எடம், மழையில மண்ணு அரிச்சுட்டுப் போச்சுன்னா அவன் விழுந்த எடமே இல்லாமப் போயிருமே மைனி, எனக்கு வேற என்ன இருக்கு. அவன் அழுதான், பஜ்ஜி தின்ற அந்த வாய் கோணியது, எனக்குத் தெரிந்தது, இவன் பொய்யாக ஒன்றும் செய்யவில்லை, இருந்த அத்தனை அன்பையும் கொட்டிக் கட்டையால் தட்டிச் சமப்படுத்தியிருக்கிறான், அதனால் என்ன, அன்பாகக் கொன்றால் சாகாமல் இருக்குமா. லிங்கம், உங்க அண்ணன் விழுந்த எடம் மேல இல்ல, கீழ இருக்கு, கைய எடு. அவன் எடுக்கவில்லை. நான் இழுத்தேன், அவன் இழுத்தான், சாரல் எங்கள் இருவர் முகத்திலும் சமமாக விழுந்தது. பிறகு மூக்கை உறிஞ்சினான், கல்லைப் பார்த்தான், கடைக்காரனின் கண் அவனுக்குத் திரும்பி வருவதைப் பார்த்தேன், நடுவுல இடிச்சா சாயங்காலம் வரைக்கும் விடாது மைனி, என் சரக்கு, எனக்குத் தெரியும், ஜாயிண்ட்ல போடணும், தள்ளுங்க. வேட்டியை மடித்துக் கட்டினான்.

கல்லைப் பெயர்த்து, கீழே சிமெண்ட் பாளத்தின் விளிம்பில் கடப்பாரையைக் கொடுத்து அவன் நெம்ப, ஜெபசிங் விரல்களை உள்ளே விட்டுத் தூக்க, காலைப் பாத்து வையிலே என்றேன், அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன், ஜெபசிங் அப்படியே ஒரு கணம் நின்றான், பிறகு பாளம் புரண்டது. அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். மண் பொடியாக வெந்து கிடந்தது, சித்திரையில் சிமெண்டுக்கு விட்ட தண்ணீரைச் சாரல் என்று நம்பி எல்லாம் அப்போதே மேலே வந்திருந்தன, வரக்கூடிய உயரம்வரை வந்து சிமெண்டில் முட்டிக் கிடந்தன, புளியங்கொட்டை புளியங்கொட்டையாக, ஜெபசிங் ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டுத் தொட்டு வைத்தான், அசையவில்லை, எடை இல்லை, உள்ளே ஒன்றுமில்லை, ஒன்று கூட்டை உடைத்துக்கூட வந்திருந்தது, விரிக்க இடமில்லாமல் சிறகு கசங்கி, உதறாத சாம்பலோடு. மைக்கில் யாரோ நிறுத்த மறந்த இரைச்சல், சங்கரலிங்கம் மண்டியிட்டு, சிமெண்ட் தூள் படிந்த கையை முழங்காலில் வைத்தபடி, இவ்வளவுமா மைனி, இவ்வளவுமா என்றான், நான் மரத்தின் வேர்ப் பக்கமாக, பாளம் வேரோடு ஒட்டாமல் விட்டிருந்த இடுக்கில், சாரல் கசிந்து கறுத்திருந்த மண்ணை விரலால் கிளறினேன், நகத்தில் தட்டியது, எடுத்தேன், கனம் இருந்தது, காத்தேன், ஒன்றுமில்லை, காத்தேன், கோபத்தில் கை நடுங்குகிறதா, இல்லை இதுதானா, ஏட்டி பொறு என்றது யார், பொறுத்தேன்.

சங்கரலிங்கத்தின் கையை இழுத்து விரித்து அதில் வைத்தேன், அவன் அருவருத்துக் கையை உதறப் பார்த்தான், இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அண்ணனின் புழுவைத் தொட்டவன் இல்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், மற்ற பாளங்களையும் பெயர்க்க வேண்டும், அதற்கு ஜெபசிங் கடப்பாரையை எடுத்துவிட்டான், என் கோபம் போகவில்லை, இவர்கள் மேலும், ஓமவாட்டர் குடித்துவிட்டு மலையேறின அந்த மனிதர் மேலும், அது போகாது, அதோடுதான் நான் இறங்குவேன், ஆனால் இப்போது என் கொழுந்தனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சிமெண்டும் சாரலும் குழைந்த அவன் உள்ளங்கையில், புளியங்கொட்டை நிறத்தில், சுண்டுவிரல் நீளத்தில் கிடக்கிறது, அவன் கண் விரிகிறது, மைனி, இது, மைனி, திரும்புது என்கிறான், பூட்டுக்குள் சாவி அவன் கைக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது, கீழ போட்றாதிய என்றேன்.